ரெண்டேகால் பஸ்ஸும் ராமாயியும்

ராமாயி இறந்துவிட்டாள்.

இன்று பன்னிரண்டு மணிக்கு க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. மூன்றாம் ஆண்டு வரலாறு, ஜன்னல் ஓரத்தில் என் பக்கத்தில் உட்காருகிற ராமாயி. லீவுக்குக் கரியாலூர் பக்கம் மலையில் இருக்கிற வீட்டுக்குப் போனவள், காலேஜ் திறந்தும் வரவில்லை... காய்ச்சல் என்று நான்கு நாள் படுத்திருந்தாளாம். காலையில் முடிந்துவிட்டது.

இருபது வயசு. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். நான் களமருதூரிலிருந்து தினமும் கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் வந்து போகிறவள். காலேஜில் சேர்ந்த அன்றே அப்பா சொல்லிவிட்டார். "ரெண்டேகால் பஸ்ல ஏறி வூட்டுக்கு வந்துடணும். இல்லன்னா படிப்பே வாணாம்."

அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தரைக்குத்தான்.

எங்களுக்குக் கடைசி ஹவர் ரெண்டு மணிக்கு ஆரம்பிக்கும். நான் அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். அட்டெண்டன்ஸில் "கவிதா" என்று கூப்பிட்டால் ராமாயி தலையைக் குனிந்துகொண்டு, குரலை மாற்றி, "யெஸ் மேம்" என்பாள். ரெண்டரை வருஷம். ஒரு நாள் கூட மாட்டவில்லை... கெட்டிக்காரி.

மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிடுவாள். "ஏய் ரெண்டேகால், நேத்து நீ போனதுக்கப்புறம் இன்னா நடந்துச்சு தெரியுமா?"

என்எஸ்எஸ் மீட்டிங், கபடி பிராக்டிஸ், லைப்ரரியில் புதிதாக வந்த புத்தகம், கேன்டீனில் யார் யாரோடு சண்டை... எல்லாம் சொல்லுவாள். ரெண்டேகாலுக்கு அப்புறம் என் காலேஜை நான் பார்த்ததே இல்லை. அவள் சொல்லிக் கேட்டதுதான்.

இப்போது சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் வருஷம், சேர்ந்து ஒரு மாசம் கூட ஆகவில்லை. ஃப்ரெஷர்ஸுக்குப் பேச்சுப்போட்டி. தலைப்பு, "கல்லூரி வாழ்க்கையை முழுமையாகப் பயன்படுத்துவது எப்படி". என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். "நீ வாயாடி, நல்லா பேசுவ" என்றாள். போட்டி ரெண்டரைக்கு. நான் வழக்கம் போல பஸ் ஏறிவிட்டேன்.

ஹாலில் "கவிதா, வரலாறு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த லூசு பழக்க தோஷத்தில் "யெஸ் மேம்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகு என்ன செய்வது... எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். எழுந்து போய் மேடையில் நின்று, கவிதாவாகவே ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்தாள். ரெண்டாவது பரிசு.

மறுநாள் சர்ட்டிபிகேட்டை என் கையில் கொடுத்தாள். என் பெயர், என் கிளாஸ். "இன்னாடி பேசின?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "நீ இருந்திருந்தா இன்னா பேசியிருப்பியோ அதத்தான் பேசனேன்" என்று சிரிப்பாள். அதற்கு மேல் சொல்லவே மாட்டாள்.

நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இனி யாரைக் கேட்பது?

அப்பா அந்த சர்ட்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினார். அந்த வருஷக் கடைசியில் எனக்கு ஒரு மாப்பிள்ளை வந்தது. அப்பா அதைக் காட்டித்தான், "பரிசு வாங்கற பொண்ணு, படிப்ப முடிக்கட்டுங்க" என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றோடு என் படிப்பு போயிருக்கும்.

அப்பா... அண்ணன் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவான். அது என் பேச்சு இல்லை அப்பா. ராமாயி பேசியது. என்னைப் படிக்க வைத்தது அவள்.

லீவுக்குக் கிளம்பும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "கடைசி வருஷம்டி. ஒரே ஒரு நாளு அந்த பஸ்ஸ வுடேன். கேன்டீன்ல டீ குடிச்சிட்டு, லைப்ரரில உக்காந்துட்டு, அஞ்சரைக்குப் போயேன். இன்னா குடி முழுகிடும்?"

"அடுத்த வாரம் பாக்கலாம்டி" என்றேன். சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன். இருக்கிற எண்ணமே எனக்கு இல்லை. அது அவளுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்... அதுதான் தாங்கவில்லை.

இன்று க்ளாஸில் வேன் பிடித்தார்கள். நானும் ஏறிவிட்டேன். வீட்டில் கேட்கவில்லை.

வந்து சேர மூன்று மணி. மழை வருகிற மாதிரி இருந்ததால் ரெண்டு மணிக்கே எடுத்துவிட்டார்களாம். முகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

வேன் கிளம்பக் காத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்று இதை டைப் செய்கிறேன். டவர் ஒரு கோடு வருகிறது, போகிறது. அண்ணன் பதினொரு தடவை கூப்பிட்டுவிட்டான். எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ராமாயியின் அம்மா என்னிடம் வந்தார். அழுது அழுது குரலே இல்லை. என்னை இதற்கு முன் பார்த்ததும் இல்லை.

"நீதான கண்ணு அந்த ரெண்டேகால் பொண்ணு? ஒன்னப் பத்தி அவ பேசாத நாளில்ல" என்றார். அப்புறம் பதறிப்போய், "ஐயோ, பஸ்ஸுக்கு நேரமாவலியா ஒனக்கு?" என்றார்.

"பஸ்ஸு போயிடுச்சும்மா" என்றேன்.

போயிடுச்சு ராமாயி. நான் ஏறல.