பஸ் என்று ஒரு சொல்

எனக்கு உருது தெரியாது. ஆனாலும் ஓர் உருது நாடகத்தைப் பத்தொன்பது பகுதிகள் வரை கண்ணீர் விட்டுப் பார்த்திருக்கிறேன். இருபதாவது பகுதியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதற்கிடையில் என்னுடைய குடும்பமே இல்லாமல் போய்விட்டது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வந்து எனக்கு இரண்டாவது குளிர்காலம். ஸ்காபரோவில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில், இரண்டு அறை வீட்டில், நானும் அவரும் மாமியும் மாமியின் மூத்த மகளான மச்சாளும் இருந்தோம். ஓர் அறை எங்களுக்கு, மற்றது மாமிக்கும் மச்சாளுக்கும். இரவில் அவர் இருமினால், "சுடுதண்ணி குடி தம்பி" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமியின் குரல் வரும். எங்களுக்கென்று ஒரு சண்டை பிடிக்கக்கூட இடமில்லை. எனக்கும் அவருக்கும் சண்டை பிடிக்க ஒன்றும் இருக்கவும் இல்லை. மற்றவர்கள்தான் எங்களுக்காகப் பிடித்தார்கள்.

என் பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஒஷாவாவில் இருந்த என் அண்ணா ஞாயிறு தவறாமல் ரெலிபோன் எடுப்பார். "சமையல் ஆர்? உடுப்புத் தோய்க்கிறது ஆர்?" என்று விசாரணை நடக்கும். நான் எதைச் சொன்னாலும் அது இரண்டு நாளில் மாமியின் காதுக்குத் திரும்பி வரும், இன்னும் கொஞ்சம் உப்புப் புளி சேர்ந்து.

அதே மாடியில் இரண்டு கதவு தள்ளிக் கராச்சிப் பெண் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாஜி என்று கூப்பிடச் சொன்னார், அக்கா என்று அர்த்தமாம். எங்கள் உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள் கீழே பேஸ்மென்றில் இருந்தன. நான் உடுப்புகளை மெஷினில் போட்டுவிட்டு நேரே பாஜி வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே நாடகக் கசெற் ஓடும். "உந்த மெஷினுக்கு இவ்வளவு நேரமோ?" என்று மாமி கேட்பார். "பழைய மெஷின், மாமி" என்பேன். கூசாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

நாடகத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும். இரண்டு பேருக்கும் ஒருவர்மீது ஒருவருக்கு உயிர். அவனுடைய தாய் ஒரு பக்கம் இழுப்பாள், அவளுடைய தகப்பனும் அண்ணன்மாரும் மறுபக்கம் இழுப்பார்கள். பாஜி விளக்கம் சொல்லுவார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சேர்ந்தால் அரை ஆங்கிலம் வரும். ஆனால் எனக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தத் தாய் சாப்பாட்டு மேசையில் மகனுடைய கோப்பையை மட்டும் நிரப்புவதைப் பார்த்தவுடனே எனக்குக் கதை விளங்கிவிட்டது.

விளங்காதது ஒன்றே ஒன்று. வீட்டில் சண்டை முற்றும்போதெல்லாம் அந்தப் பெண் எழுந்து நின்று "பஸ்" என்பாள். சத்தமே போடமாட்டாள். அந்த ஒரு சொல்லுக்கு எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். பாவம், வெளிக்கிட்டுப் போகப்போகிறேன் என்று வெருட்டுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். நாலைந்து கசெற் போனபிறகு பாஜியிடம் கேட்டேன், "இவள் ஏன் எந்தநேரமும் பஸ் பஸ் என்கிறாள்? வாசலில்தான் கார் நிற்கிறதே?" பாஜி சிரித்த சிரிப்பில் அவருடைய முக்காடு தேத்தண்ணிக்குள் விழுந்தது. பஸ் என்றால் உருதுவில் போதும் என்று அர்த்தம்.

அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் ஊரில் போதும் என்பதற்குக் காணும் என்போம். எங்கள் வீட்டில் அதற்கு மதிப்பே இல்லை. "காணும் மாமி" என்று கையால் மறைத்தால் இன்னும் ஓர் அகப்பை சோறு விழும். அது எங்கள் உபசாரம். காணும் என்று சொல்லி நாங்கள் ஒருத்தரும் எதையும் நிறுத்தியது கிடையாது. பாஜி தேத்தண்ணி ஊற்றும்போது "பஸ்" என்பேன், உடனே கேத்தலை நிமிர்த்திவிடுவார். சொன்னதை ஒருவர் கேட்பது எவ்வளவு சந்தோஷம் என்று அப்போதுதான் கண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் நானும் அவரும் ஒரு களவு செய்தோம். மரக்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அஜின்கோர்ட்டில் ஓர் அறை வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தோம். வெறும் வீடு, திரைச்சீலைகூட இல்லை. நான் குசினிக்குள் நின்றேன். அவர் அறைக்குள் போய், "இஞ்சாரும்" என்று பெரிய சத்தமாக என்னைக் கூப்பிட்டார். இரண்டு வருஷத்தில் அவர் என்னைச் சத்தமாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான். கூப்பிட்டுப் பார்த்தனான்" என்றார். எனக்கு அந்த வீடு வேண்டும் என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன். வேறு எதையும் நான் அவரிடம் கேட்டதில்லை. விண்ணப்பப் படிவத்தை மெத்தைக்குக் கீழே வைத்தார். "ஞாயிற்றுக்கிழமை அம்மாவிட்டைச் சொல்லுறன்" என்றார்.

ஞாயிறு மத்தியானம், அவர் வாய் திறக்க முன்னர், கட்டில் விரிப்பு மாற்றப் போன மச்சாள் படிவத்தைக் கண்டெடுத்துவிட்டார். மாமி கதிரையில் இருந்து அழத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து அண்ணாவின் ரெலிபோன் வந்தது. மாமிதான் எடுத்தார்.

"இரண்டு வருஷத்திலை என்ரை பிள்ளையைப் பிரிச்சுக்கொண்டு போகப் பார்க்கிறா உங்கடை தங்கச்சி" என்றார் மாமி.

அண்ணாவின் குரல் ரிசீவருக்கு வெளியிலேயே கேட்டது. "தனியப் போறதெண்டால் இஞ்சை ஒஷாவாவுக்கு வரட்டும். என்ரை பேஸ்மென்ற் சும்மாதான் கிடக்கு. உங்களோடை கிடந்து அவள் தேய்ஞ்சது காணும்."

ரிசீவரை மச்சாள் பறித்தார், பிறகு மாமி பறித்தார். அஜின்கோர்ட்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. நாங்கள் ஆசைப்பட்ட வீடு அந்தக் கதையிலேயே இல்லை. நான் அவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றேன். "காணும்" என்றுதான் வந்திருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"பஸ்" என்றேன்.

நாடகத்தில் நடந்தது போலவே வீடு அமைதியாகிவிட்டது. மாமி ரிசீவரைக் காதில் இருந்து இறக்கினார். கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், முகம் வெளிறிப் போயிருந்தது. மெல்ல எழுந்துபோய், கொழுவியிருந்த ஜக்கெற்றின் பொக்கற்றுக்குள் கைவிட்டுத் துழாவி, ஒரு பஸ் ரோக்கனை எடுத்துவந்து எனக்கு முன்னால் மேசையில் வைத்தார். சின்ன வெள்ளி நிற ரோக்கன், பஸ்ஸில் காசுக்குப் பதிலாகப் போடுவது, ஒன்றே ஒன்று.

போ என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒன்று என்றால் போவதற்கு மட்டும், வருவதற்கு இல்லை. நான் ரோஷக்காரி. அந்த ரோஷத்தை இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கும். கோட்டை மாட்டிக்கொண்டு, ரோக்கனைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். லிப்ற் வரும்வரை கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு திறக்கவில்லை. பஸ்ஸில் ட்ரைவர் ஒரு ட்ரான்ஸ்ஃபர் துண்டு தந்தார். அதைக் காட்டி வேறு பஸ் ஏறலாம், வந்த வழியே திரும்ப முடியாது. ஸ்ரேசனில் இருந்து அண்ணாவுக்குப் போன் பண்ணினேன். அவர் காரில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுக்க வெற்றி பெற்றவர் போலப் பேசிக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு நான் எடுத்த ரெலிபோன்களை மச்சாள் வைத்துவிட்டார். என் புருஷன் எனக்கு எடுத்தவற்றை, "அவள் கதைக்க விரும்பேல்லை" என்று அண்ணா வைத்துவிட்டார். அண்ணா அப்படிச் சொன்னதை அண்ணி எனக்குச் சொன்னது, பிரிவுப் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டு ஒரு வருஷம் கழித்து. அண்ணாவுடன் நான் மூன்று மாதம் பேசவில்லை. அதனால் ஒருவருக்கும் ஒன்றும் திரும்பி வரவில்லை. பாஜியை ஒருநாள் கடையில் கண்டேன். நாடகத்தின் கடைசிப் பகுதியில் அவன் அவளைத் தேடிப்போய்க் கூட்டி வந்துவிட்டானாம். நல்லது என்றேன்.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கார் தரிப்பிடத்தில் அவரைக் கண்டேன். கையில் பால் பேணிகள். முன்தலை கொஞ்சம் கொட்டியிருந்தது. சுகம் கேட்டார், சொன்னேன். போகத் திரும்பியவர் நின்றார்.

"அண்டைக்கு நீர் பஸ் எண்டு எழும்பி நிண்டனீர்" என்றார். "மறிச்சாலும் நிக்கமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும். வெளியிலை சரியான குளிர், நடந்து போயிடுவீரோ எண்டு பயம். பொக்கற்றுக்குள்ளை இருந்தது அந்த ஒரு ரோக்கன்தான். அடுத்த நாள் நான் வேலைக்கு நடந்துதான் போனனான்."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்த பெண், "இஞ்சாருங்கோ, பிள்ளை அழுகுது" என்றாள்.

"ஓம், வாறன்" என்று அவர் அவளுக்குச் சத்தமாகக் குரல் கொடுத்தார். அஜின்கோர்ட்டின் வெறும் வீட்டில் என்னைக் கூப்பிட்ட அதே குரல். சொல்ல வந்ததை விட்டுவிட்டு நான் கடைப்பக்கம் திரும்பி நடந்தேன்.