மூடிக்குள் கீறிய எழுத்து

1. தகர டப்பா

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மணிக்கூட்டுக் கடையில் என்னை வேலைக்கு எடுத்தது ஸ்ட்ராப் விற்கத்தான். திருத்துவதற்கு அல்ல. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. முதல் நாள் காலையே சூசை முதலாளி என் விரல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசைக்குக் கீழே இருந்த தகர டப்பா ஒன்றை என் பக்கம் தள்ளினார். திறந்தால் உள்ளே பன்னிரண்டு லேடீஸ் மணிக்கூடுகள். ஒன்றும் ஓடவில்லை.

"இதுகளோட மினக்கெட எனக்கு ஏலாது பிள்ளை. பொம்பிளையள் கட்டுற சாமான்தானே, பழுதாப் போனாலும் காரியமில்லை. கழட்டிப் பழகு" என்றார்.

இப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். என் திறமையைக் கண்டுபிடித்து ஒருவரும் கூட்டிவரவில்லை. பழுதானாலும் கேட்க ஆளில்லாத மணிக்கூடுகள் கொஞ்சம் இருந்தன, அவ்வளவுதான்.

சின்னது என்றால் சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு லேடீஸ் மெஷினைத் திறந்து பார்க்க வேண்டும். ஜென்ஸ் மணிக்கூட்டில் இருக்கிற அதே சக்கரங்கள், அதே ஹெயர் ஸ்பிரிங், அதே பாலன்ஸ், எல்லாம் ஒரு பத்துச் சத நாணயத்தைவிடச் சின்ன இடத்துக்குள். மூச்சை இழுத்துவிட்டால் ஸ்க்ரூ பறந்துவிடும். எத்தனை நாள் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலில் நின்று நிலத்தைத் தடவியிருப்பேன்! பூசைக்குக்கூட அவ்வளவு நேரம் நான் முழங்காலில் நின்றதில்லை. அந்தப் பன்னிரண்டில் ஒன்பதை ஓட வைத்தேன். முதலாளி ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டார். நல்லது என்று சொல்லவில்லை. அடுத்த கிழமை இன்னொரு டப்பா வந்தது.

நாலு வருசம் லேடீஸ் மட்டும்தான். பிறகு முதலாளிக்குக் கண்ணில் வெண்படலம் வந்தது. அன்றிலிருந்து ஜென்ஸ், ஓட்டோமற்றிக், சுவர் மணிக்கூடு எல்லாம் என் மேசைக்கு வந்துவிட்டன. வாடிக்கையாளர்தான் வரவில்லை. அதாவது, கடைக்கு வருவார்கள், என்னிடம் வர மாட்டார்கள்.

"திருத்துறவர் இல்லையோ தங்கச்சி?"

"சாப்பிடப் போயிட்டார். வைச்சிட்டுப் போங்கோ அண்ணை."

அவர் போனதும் நான் திருத்தி வைப்பேன். இரண்டு நாள் கழித்து வந்து, கையில் கட்டி, காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "அவரின்ர கை எண்டா கைதான். கேட்டதாச் சொல்லுங்கோ" என்பார். ஓம், சொல்லுறன் என்பேன். அந்த இல்லாத மனிதருக்கு நான் எத்தனை பாராட்டை ஏந்தி வைத்திருக்கிறேன் தெரியுமா! இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கும் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் கொஞ்சம் அழுகையும் வந்தது.

2. செக்கன் கம்பி

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சேர்விஸ் செய்து முடித்ததும், பின் மூடியின் உட்புறத்தில் ஊசியால் மாதத்தையும் வருசத்தையும் சிறிதாகக் கீறி வைப்போம். பக்கத்தில் சொந்தக்காரரின் பெயரில் முதல் எழுத்து. கட்டுகிறவருக்கு அது தெரியாது. அடுத்த முறை மூடியைத் திறக்கிற ஆளுக்காக எழுதுவது. சில பழைய மூடிகளைத் திறந்தால் நாலைந்து பேருடைய கீறல் இருக்கும். யாரோ எங்கேயோ இருந்து எனக்கு எழுதிய கடிதத்தைப் போல அவற்றை வாசிப்பேன். இன்றைக்கும் வாசிக்கப் பிடிக்கும்.

முதலாளி இதில் தன்னுடைய சட்டம் ஒன்றையும் சேர்த்திருந்தார். "ஜென்ஸ் மணிக்கூட்டை ஆர் கொண்டந்தாலும் வீட்டு ஆம்பிளையின்ர எழுத்தைப் போடு. பிரச்சினை எண்டா அவர்தானே வருவார்." எனக்கு அது பிழையாகவே தெரியவில்லை. ஸ்ட்ராப்பை எந்தப் பக்கம் மாட்டுவது என்பதைப் போல இதையும் பழகிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் எலிசபெத் மிஸி வருவார். தாதி, மருத்துவிச்சி எல்லாரையும் எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் அரசாங்க மருத்துவிச்சி. வீடு முள்ளிக்குளத்தில். கொண்டச்சிப் பக்கமெல்லாம் சைக்கிளில் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்தவர். கணவர் மரியான் கடல் தொழில். மிஸியின் மெலிந்த கையில் பெரிய ஜென்ஸ் ஓட்டோமற்றிக் ஒன்று இருக்கும், உருக்குச் செயினுடன்.

"ஏன் மிஸி இவ்வளவு பெரிசு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"லேடீஸ் மணிக்கூட்டில செக்கன் கம்பி இல்லையே பிள்ளை. நாடியைப் பிடிச்சிட்டு நான் எதைப் பார்த்து எண்ணுறது? சின்னதா வடிவாக் கட்டச் சொல்லி அவர் ஒண்டு வாங்கித் தந்தவர்தான். அது அலுமாரிக்குள்ள கிடக்கு. இது என்ர முதல் சம்பளத்தில வாங்கினனான்."

அவர் அதை டயல் உட்பக்கம் வருகிற மாதிரிக் கட்டுவார். சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடியே பார்க்கலாம், ஒரு தாயின் கையைப் பிடித்தபடியும் பார்க்கலாம். அவருடைய மணிக்கட்டுக்கு அளவாக நாலு கண்ணிகளைக் கழற்றிக் கொடுத்தது நான்தான். மூன்று தடவை சேர்விஸ் செய்ததும் நான்தான். ஒரு தடவை நான் மூடியில் கீறுவதைக் கண்டு, "என்ன எழுதுறாய்?" என்று கேட்டார்.

"அடையாளம் மிஸி" என்றேன்.

கீறியது 'ம'. மரியானின் 'ம'. மிஸி எனக்கு முன்னால்தான் இருந்தார். அந்த மணிக்கூடு அவருடைய கையிலிருந்து கழன்று வந்த சூடு என் உள்ளங்கையில் இருந்தது. அப்படியிருந்தும் 'ம' என்றே கீறினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

3. அண்ணனும் தங்கையும்

போன ஆவணியில், மடு மாதா திருநாள் முடிந்த கிழமை, இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். கடை இப்போது என்னுடையது. முதலாளி காலமாகிக் கனகாலம். வந்தவர்கள் மிஸியின் பிள்ளைகள். மூத்தவர் அன்ரன், கனடாவில் இருக்கிறார். தங்கை ஜெசிந்தா, இங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர். தகப்பன் போய்ப் பல வருசம். மிஸி தவறி அப்போது ஒரு வருசம் ஆகியிருந்தது. அந்த மணிக்கூட்டை ஒரு லேஞ்சித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

அன்ரன் பழைய மணிக்கூடு சேர்க்கிறவர். போனில் படங்கள் காட்டினார். நாற்பதுக்கு மேல் இருக்கும், மரப்பெட்டியில் வரிசை வரிசையாக. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

"இதில லேடீஸ் ஒண்டும் இல்லையோ தம்பி?" என்று கேட்டேன்.

"அதுக்கு மதிப்பில்லை அக்கா. சேர்க்கிற ஆக்கள் எடுக்க மாட்டினம்."

எனக்குத் தகர டப்பா நினைவுக்கு வந்தது.

வந்த காரியம் இதுதான். எங்கள் பக்கத்தில் தாயின் சாமான் மகளுக்கு, தகப்பனின் சாமான் மகனுக்கு. அந்த மணிக்கூடு யாருடையது?

"அப்பான்ர அக்கா. கோயிலுக்குப் போகேக்க அப்பா கட்டியிருந்ததை நான் என்ர கண்ணால கண்டனான். மாமான்ர கலியாணப் படத்திலயும் அவற்ற கையிலதான் இருக்கு" என்றார் அன்ரன்.

"அம்மான்ரதான்" என்றார் ஜெசிந்தா. "அண்ணா போர்டிங்கில இருந்தவர். திருநாளுக்கும் பெருநாளுக்கும்தான் வீட்டை வருவார். அந்த நாளில அப்பா அம்மாட்ட வாங்கிக் கட்டுவார். மற்ற நாளெல்லாம் அது அம்மான்ர கையில. அம்மான்ர நகையெல்லாம் அண்ணாவை வெளிநாட்டுக்கு அனுப்பேக்க போயிட்டுது. நான் குறை சொல்லேல்லை. ஆனா அம்மா எண்டு தொட்டுப் பார்க்க எனக்கு இது ஒண்டுதான் இருக்கு."

அன்ரன் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது முழுக்கத் திருநாள்களைத்தான். அவ்வளவு தூரம் பறந்து வந்து, தகப்பனின் ஞாபகமாக ஒரு சாமானைக் கேட்கிற மகனை எப்படிக் கோபிப்பது?

"சண்டை பிடிக்க வேண்டாம்" என்று அவரே சொன்னார். "மூடிக்குள்ள சொந்தக்காரரின்ர எழுத்து இருக்கும். எனக்குத் தெரியும். ரீட்டா அக்கா திறந்து பார்க்கட்டும். என்ன இருக்கோ அதுக்கு ரெண்டு பேரும் சரி."

ஜெசிந்தா உடனே தலையாட்டினார். தாயுடன் எத்தனையோ தரம் இந்தக் கடைக்கு வந்த பிள்ளை. உள்ளே 'எ' தான் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

திறந்தேன். அன்ரன் லென்ஸை வாங்கிப் பார்த்தார். "ம. ம. ம" என்று மெதுவாக வாசித்தார். பிறகு தங்கையிடம் நீட்டினார். ஜெசிந்தா பார்க்கவில்லை. கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். "சரி அண்ணா. சொன்னால் சொன்னதுதான். கொண்டு போங்கோ" என்றார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். என் கடையில் கீறியது பொய் என்று நானே சொன்னால், இனி யார் என்னை நம்பி மூடியைத் திறக்க விடுவார்கள்? முப்பது வருசம் நான் சேர்த்த பெயர் அது. உண்மையைச் சொல்கிறேன், அந்த எண்ணம் எனக்கு வந்தது. ஜெசிந்தா வாசல் படியில் கால் வைக்கும்வரை அந்த எண்ணத்தோடுதான் இருந்தேன்.

"இரு பிள்ளை, போகாத" என்றேன். "தம்பி, இது என்ர கை. மூண்டும் பிழை. கொண்டு வந்தது உங்கட அம்மா. கட்டினது உங்கட அம்மா. வாங்கினதும் அவதான். ஜென்ஸ் எண்ட ஒரே காரணத்துக்காக நான் உங்கட அப்பான்ர எழுத்தைக் கீறினனான்."

அன்ரன் முகம் சிவந்தது. "மார்க்கே பொய் எண்டால் பிறகு எதை நம்புறது அக்கா? இப்ப நீங்கள் சொல்லுறதை மட்டும் எப்பிடி நம்புறது?"

நியாயமான கேள்வி. "என்னை நம்ப வேண்டாம், மணிக்கூட்டைப் பாருங்கோ" என்று சொல்லி லென்ஸை அவர் கையில் திரும்பக் கொடுத்தேன். மணிக்கூட்டின் கேஸில் ஒரு அடியும் இல்லை. ஆனால் செயினின் கொளுக்கி முழுக்க நசுங்கியும் கீறுப்பட்டும் இருந்தது. டயலை உட்பக்கம் கட்டினால் கொளுக்கிதான் வெளியே வரும், கதவிலும் சைக்கிளிலும் அதுதான் அடிபடும். கடலுக்குப் போகிற கை என்றால் திருகுக் குமிழின் அடியில் உப்புப் பச்சை பிடித்திருக்கும். இதில் பச்சை இல்லை. கண்ணிகளுக்கு இடையில் வெள்ளையாகப் படிந்திருந்தது சவர்க்காரம். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கை கழுவுகிற ஆளின் மணிக்கூடு.

அன்ரன் நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைத் தன் கையில் கட்டப் பார்த்தார். பூட்டவில்லை. அவர் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

"அப்பா கோயில்ல அடிக்கடி கையைத் தடவிக்கொண்டு நிப்பார் அக்கா. பெருமையில எண்டு நினைச்சனான். மனுசனுக்கு இறுக்கி இருக்கு."

தங்கையின் கையை இழுத்து அவரே கட்டிவிட்டார். டயலை மேலே வைத்துத்தான் பூட்டினார். ஜெசிந்தா ஒன்றும் யோசிக்காமல் அதை உட்பக்கம் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அன்ரன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

மூடியைப் பூட்டுவதற்கு முதல் நான் ஊசியை எடுத்தேன். கீறினதை அழிக்க முடியாது, உருக்கு. மூன்று 'ம'வுக்கும் கீழே 'எ' என்று கீறினேன். "கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ அக்கா" என்று சொன்னது அன்ரன்தான்.

4. என் கை

அவர்கள் போனார்கள். பிறகு என் கையில் கிடந்ததைக் கழற்றினேன். அதுவும் ஜென்ஸ் மணிக்கூடுதான். வேலைக்கு வந்து ஆறாம் வருசம் என் காசில் வாங்கி, நானே கழற்றிப் பூட்டி, இத்தனை வருசமாக நானே கட்டுவது. மூடியைத் திறந்தேன். எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே என் கையெழுத்தில் ஏழு கீறல்கள். ஏழும் 'யோ'. யோசேப்பு, என் கணவர். தன் வாழ்நாளில் அந்த மனுசன் மணிக்கூடே கட்டினதில்லை. "கோயில் மணி கேக்குதுதானே, எனக்கேன்?" என்கிற ஆள்.

இளம் ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. சாமானின் அளவைப் பார்த்து எழுதாதேயுங்கோ, கட்டுகிற ஆளைக் கேட்டு எழுதுங்கோ. கடைக்கு யார் வந்தாலும் நான் இப்போது முதலில் கேட்பது, "ஆர் கட்டுறது?" என்பதைத்தான்.

அன்றைக்கு மூடியைப் பூட்டுவதற்கு முதல், ஏழுக்கும் கீழே என் பெயருக்கு 'ரீ' என்று கீறினேன். அதையும் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.