குடிக்காத லியனார்டின் ஈரல்

உடப்புசல்லாவை நல்லமுத்துவின் மூத்த மகன்தான் லியனார்ட். நல்லமுத்து சாராயத்தால் ஈரல் கெட்டு, வயிறு பானையாக வீங்கிச் செத்தவர். அந்தக் குழியில் மண் போட்ட கையோடு, "இந்தச் சனியனைத் தொடமாட்டேன்" என்று சுவாமியாருக்கு முன்னால் சத்தியம் பண்ணியவன் மகன். அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட வந்து, சுகிர்தத்தைக் கட்டி, தலை நரைத்த பிறகும் கல்யாண வீட்டில் அவன் கையில் பிளேன்டீதான்.

எண்பத்து நாலாம் வருஷம் அவன் காலில் இரத்தம் கட்டிக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் இரத்தத்தை இளக வைக்கிற குளிசை கொடுத்து, மாதாமாதம் சோதிக்க வரச் சொன்னார்கள். ஒழுங்காகத்தான் போனான். ஒருநாள் டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"ஈரல் வீங்கியிருக்கு. கொழுப்பு படிஞ்சிருக்கும்போல. குடிக்கிறதா?"

துணைக்குப் போன சுகிர்தத்தின் தம்பி ஜோர்ஜ் காதில் அது விழுந்துவிட்டது. போதாதா? மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் எல்லாருக்கும் கேட்க, "மச்சான், அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னாலயா போத்தல ஒளிச்சிருக்கீங்க? நமக்கும் ஒரு மூடி ஊத்துங்களேன்" என்றான்.

தோட்டமே சிரித்தது. அப்பனோடு தன்னைச் சேர்த்துவிட்டார்களே என்று லியனார்டுக்கு மனசு வெந்தது. அதோடு கிளினிக்கை விட்டான். பழைய மருந்துத் துண்டைக் காட்டி, டவுன் கடையில் குளிசையை மட்டும் வாங்கி விழுங்கினான்.

ஆடி மழையில் ஒரு அட்டை கணுக்காலில் கடித்தது. எப்போதும்போலப் பிய்த்து எறிந்து, வெற்றிலைச் சுண்ணாம்பை அப்பினான். இரத்தம் நிற்கவில்லை. லயத்து வீட்டுக்கு வரும்போது பல் ஈறிலும் கசிந்தது.

"கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு" என்றாள் சுகிர்தம்.

"அட்டை கடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனான்னு அதுக்கும் சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். பொட்டியில வச்சா எவனும் சிரிக்கமாட்டான். நான்தான் தனியா கெடந்து அழணும்."

கொழுந்து லொறியை மறித்து அவர்களை ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டவன் ஜோர்ஜ். வழியெல்லாம் மச்சானின் கணுக்காலைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஊசி போட்ட பிறகுதான் இரத்தம் நின்றது. சோதிக்காமல் இந்தக் குளிசையை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, ஈரல் சரியில்லாதவன் இன்னும் கவனமாக இருக்கவேண்டும் என்று டொக்டர் ஏசினார். பிறகு அதே கேள்வி: "குடிக்கிறதா?"

லியனார்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சத்தியமா இல்லீங்க ஐயா" என்றாள் சுகிர்தம். "ஆனா நாலு பேரு திங்கிற ரொட்டிய ஒரே ஆளா திம்பாரு. தேத்தண்ணியில கரண்டிய விட்டா சீனியில குத்திக்கிட்டு நிக்கும்."

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குத்தம் சொல்லக் கேக்கல்ல. மருந்துக் கணக்குக்குக் கேட்டேன். குடிக்காதவங்களுக்கும் இந்தக் கொழுப்பு வருது. ஏன் எதுக்குன்னு இப்பத்தான் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காங்க."

லியனார்ட் மெல்லத் திரும்பினான். "ஐயா, அத இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. என் மச்சான் வெளிய நிக்கிறான்."

அதற்குப் பிறகு ஒரு கிளினிக்கும் தவறவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போனதும் ஜோர்ஜ்தான். ரொட்டியைக் குறைக்கத்தான் லியனார்டுக்குக் கடைசிவரை மனசு வரவில்லை.