தாடியோடு கடலுக்கடியில்

மூத்த மகள் டைபாய்டு காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தாள். அதற்காகப் பங்குனி உத்திரத்தில் காவடி எடுப்பதாக முருகனிடம் வேண்டியிருந்தேன். காவடி இறக்கும்வரை தாடி, மீசையில் கத்தி படக்கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தொழிற்சாலைக் கழகத்தின் கடல் பயணம் வந்தது.

எண்பதுகளின் கடைசி அது. வீடு கிள்ளானில். வேலை தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில்; ஸ்டோர் என் பொறுப்பு. தொழிலாளர் கழகத்தில் பூப்பந்து, கேரம் எல்லாம் ஆடுவோம். அந்த வருஷம் புதிதாக, முதுகில் காற்று டேங்கைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் பயிற்சி. கடலின் அடியில் என்னதான் இருக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. பெயர் கொடுத்துவிட்டேன்.

முதலில் நீச்சல் குளத்தில் பழக்கினார்கள். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கை மாட்டித் தலையை முக்கியதும், மீசை இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறியது. மூக்கு எரிய, பதறி எழுந்துவிட்டேன். பயிற்சியாளர் சீனர். மூக்குக்குக் கீழே ஒரு விரல் அகலம் மட்டும் மழித்துவிடச் சொன்னார். வேண்டுதலைச் சொன்னேன். அவரும் பத்துமலைத் தைப்பூசத்துக்கு வந்து காவடிகளைப் பார்த்தவர்தான்.

“சாமி விஷயம் புரியுது,” என்றார் மலாயில். “ஆனா தண்ணி உள்ள வந்து பயந்தா, நீங்க படகுலயேதான் உக்காரணும்.”

எண்ணெயில் தண்ணீர் ஒட்டாதே என்று எனக்கு ஒரு யோசனை. அடுத்த வகுப்புக்கு மீசை, தாடி முழுக்க நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு போனேன். மாஸ்க் வழுக்கி வாய்க்கு வந்தது. கண்ணாடி மங்கியது. என்னைச் சுற்றி எண்ணெய்ப் படலம் மினுங்கியது.

“அண்ணே, குளத்துல ரசம் வச்சிட்டீங்களே! அப்பளம் கொண்டாரவா?” என்றான் கூட வேலை செய்யும் லோரி ஓட்டுநர். குளமே சிரித்தது.

பயிற்சியாளரும் சிரித்துவிட்டு வேறு வழி சொன்னார். தண்ணீர் வந்தால் வரட்டும். வாயால் மூச்சை இழுத்து, மாஸ்க்கின் மேல்விளிம்பை அழுத்தி, அண்ணாந்து மூக்கால் பலமாக ஊத வேண்டும். தண்ணீர் கீழ்வழியாகப் போய்விடும். வீட்டில் வாளித் தண்ணீரில் முகத்தை வைத்துப் பழகினேன்.

“விரதம் இருக்கிற மனுசன் வாளிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு என்னங்க பண்றீங்க?” என்றாள் மனைவி.

வாளியில் கைவந்த வித்தை, குளத்தில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் பாதியில் எழுந்துவிட்டேன். கடலில் ஆழமில்லாத இடத்தில் கடைசியாக ஒரு வாய்ப்பு என்றார் பயிற்சியாளர்.

சனிக்கிழமை காலை, போர்ட்டிக்சன் கடற்கரை. படகில் லோரி ஓட்டுநர் விடவில்லை. “பேசாம முருகன்கிட்ட ரெண்டு நாள் லீவு கேளுங்க லா.”

“அவரு குடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன், போடா,” என்றேன். சாமிக்குக் கொடுத்த வாக்கையும் விட மாட்டேன், கடலையும் விட மாட்டேன் என்று இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கயிற்றைப் பிடித்து இறங்கி மணலில் மண்டியிட்டேன். பயிற்சியாளர் எதிரே இருந்தார். தண்ணீர் மூக்கைத் தாண்டிக் கண்ணுக்கு ஏறியது. எழுந்துவிடலாம் என்று கால் துடித்தது. முருகா, என் பிள்ளையை எழுப்பி உட்காரவைத்தவன் நீ, இப்போது என்னை எழும்பாமல் பார்த்துக்கொள் என்று மனசுக்குள் கும்பிட்டு, அண்ணாந்து ஊதினேன். தண்ணீர் போய்விட்டது! மறுபடி வந்தது. மறுபடி ஊதினேன். பயிற்சியாளர் விரலை வட்டமாக்கிச் சரி என்று காட்டி, வா என்று கை அசைத்தார்.

கலங்கல் தண்ணீர்தான். ஆனாலும் கிட்டே போகப் போகப் பவளப்பாறை துலங்கியது. பூப்போல விரல் விரித்த ஓர் உயிருக்குள் ஆரஞ்சு நிற மீன் ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்த்தது. கடற்புல்லை வாலால் சுற்றிக்கொண்டு ஒரு கடற்குதிரை நின்றது. என் கட்டைவிரல் அளவுதான். அதற்கும் கண், அதற்கும் ஒரு கிரீடம். யாரும் பார்க்காத இடத்தில் இத்தனை அலங்காரமா என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. கண்ணீரோ கடலோ, அதையும் ஊதித் தள்ளினேன்.

மேலே வந்ததும் பயிற்சியாளர் என் தாடியைச் செல்லமாக இழுத்து, “பாகுஸ்! பாகுஸ்!” என்று மலாயில் பாராட்டிக் கத்தினார். லோரி ஓட்டுநர் கை கொடுத்துப் படகில் ஏற்றிவிட்டான்.

“என்னண்ணே இருந்துச்சு அடியில?”

“நீயே வந்து பாருடா,” என்றேன். மத்தியானம் இரண்டாவது முறை யார் இறங்குவது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே நான் டேங்கைக் கட்டிக்கொண்டு நின்றேன்.