வெள்ளித் தட்டில் ஏழு பேர்

புயலில் கவிழ்ந்த படகிலிருந்து மீனவர்களைக் காப்பாற்றியதற்காக அப்பாவுக்கு ஒரு வெள்ளித் தட்டு கொடுத்தார்கள். ஏழு மீனவர்களின் உயிரைக் காத்த துணிச்சலுக்காக என்று நடுவில் இங்கிலீஷில் பொறித்திருந்தது. எழுபதுகளின் நடுவில் அப்பா கல்கத்தா துறைமுகத்தில் லாஞ்ச் மாஸ்டர்; மோட்டார் படகு ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. சாகர் தீவைத் தாண்டி, ஆறு கடலில் கலக்கும் இடத்தில்தான் அது நடந்தது. லேக் கார்டன்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா தட்டை எடுத்துக் காட்டுவாள். அப்பா அந்த நேரம் எழுந்து உள்ளே போய்விடுவார்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை அந்த மீனவர்களே தேடிக்கொண்டு வந்தார்கள். லாஞ்சில் போர்த்திக்கொள்ளக் கொடுத்த கம்பளிகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்த வங்காளம் வேலைக்கு மட்டும்தான் போதும். பதினொரு வயதில் எனக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். பேச்சை மொழிமாற்றிச் சொல்ல என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அம்மா டீ கொடுத்தாள். அப்பா கம்பளிகளையும் வந்தவர்களையும் எண்ணினார். ஆறு.

"இன்னொருத்தர் வரலையான்னு கேளு."

கேட்டேன். அவர்களில் வயதானவர் என்னை விழித்துப் பார்த்தார். "இன்னொருத்தனா? படகுல நாங்க ஆறு பேர்தானே, மா."

அப்பா சிரித்தார். "கடைசியா ஒருத்தரை நானேதான் கையைப் பிடிச்சுத் தூக்கினேன். வெறும் உடம்போட இருந்தார். என் சட்டையைக் கழட்டிக் கொடுத்தேன். அதைச் சொல்லு."

சொன்னேன். பெரியவர் முகம் தெளிந்தது. "ஓ, அவரா! அவர் உங்க ஆளாச்சே. தண்ணிக்குள்ள நின்னு எங்க ஒவ்வொருத்தர் காலையும் தாங்கி மேலே ஏத்திவிட்டாரே. அவருக்கும் கும்பிடு போட்டுட்டுப் போகத்தான் வந்தோம். எங்கே இருக்கார்?"

இதை நான் தமிழில் சொல்லி முடித்ததும் அப்பா கம்பளிகளை இன்னொரு தடவை எண்ணினார். பிறகு மெல்லச் சொன்னார். "நான் யாரையும் தண்ணியில இறக்கலை."

அதை வங்காளத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தே பெரியவருக்குப் புரிந்துவிட்டது. டீ கிளாஸைத் தரையில் வைத்தார். கரையில் இறங்கும்போது அந்த மனிதர் லாஞ்சின் பின்பக்கம், அப்பாவின் சட்டையோடு, இவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அப்பாவோ அவர் எல்லோருக்கும் முன்னால் இறங்கிப் போய்விட்டார் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தார்.

முகம் எப்படி இருந்தது என்று அம்மா கேட்டாள். இரண்டு பக்கத்திலும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மா இலை போட்டிருந்தாள். அவர்கள் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் அப்பா தட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார், ஏழு என்பதை ஆறு என்று திருத்தச் சொல்ல. லாஞ்சின் லாக் புத்தகத்தில் அப்பாவின் கையெழுத்திலேயே ஏழு என்று இருப்பதை அதிகாரி எடுத்துக் காட்டினாராம். "நீங்கள்தானே எண்ணினீர்கள்?" அப்பா தட்டோடு திரும்பி வந்தார். தட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அம்மாவும் அதற்குப் பிறகு யாருக்கும் காட்டவில்லை.

அப்பா ரிட்டையராகும்வரை அதே லாஞ்சில்தான் இருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் பிரிவுபசார விழாவில் அம்மாவிடம் சொன்னார்: "ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் எங்களை வரிசையா நிறுத்தி எண்ணுவார். சில நாள் எண்ணி முடிச்சிட்டு, ஒரு ஆள் அதிகமா வருதுன்னு மறுபடியும் எண்ணுவார், மா. அப்புறம் எங்களை ஒவ்வொருத்தரா முகத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுவார்."