ஒரு வீட்டில் இரண்டு சோபா

அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்க்கும் சிவசங்கரனுக்கு இன்சூரன்ஸ் இல்லாத பொருளைக் கண்டாலே கை நடுங்கும். கல்யாணமான புதிதில் மனைவி நீலாவின் வீணைக்கே பாலிசி எடுத்த மனிதர்.

அப்படிப்பட்டவர் போன வாரம் மூன்றாம் மாடி ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டு, கல்பாவில் கடலோரத் தனிவீட்டுக்குக் குடிபோனார். பாலிசியில் முகவரி மாற்றுவதற்குள் அரபிக்கடலில் புயல் கிளம்பிவிட்டது.

"சார், புயலுக்குப் பேரு வச்சாச்சு. அது ஒதுங்குற வரைக்கும் புதுப் பாலிசி கிடையாது, பழசுல ஒரு எழுத்து மாத்தவும் முடியாது. கலாஸ், அவ்வளவுதான்" என்றான் ஏஜென்ட் சதீஷ்குமார்.

"பேரு வச்சா என்னப்பா, காதுகுத்தா பண்ணப் போறோம்? என் சாமானுக்கு என்ன வழி?"

"பழைய ஃப்ளாட்டுல இருந்தா கவர் உண்டு சார்."

அவன் சும்மாதான் சொன்னான். சிவசங்கரன் உடனே லாரிக்குப் போன் போட்டார்.

பழைய ஃப்ளாட்டில் கீழக்கரை கௌஸ் முகம்மது குடும்பத்தோடு குடியேறியிருந்தார். கதவைத் திறந்தால் வாசலில் சோபா நின்றது; அதன் பின்னால் பிரிட்ஜ்.

"ரெண்டே நாள் பாய். பாலிசிப்படி என் சாமான் இன்னும் இங்கதான் இருக்கு."

கௌஸ் பாய் நல்ல மனுஷன். "கொண்டாங்க சார், நாங்க கொஞ்சம் ஒதுங்கிக்கிறோம்" என்றார். அன்றுமுதல் அந்த வீட்டில் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு சோபா ஏறி இறங்க வேண்டியிருந்தது.

கல்பாவில் கணவனும் மனைவியும் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏங்க, சாமான் பத்திரம். நம்ம ரெண்டு பேரும்?"

"அது வேற பாலிசி நீலா. எங்க இருந்தாலும் செல்லும்."

புயல் ஏமன் பக்கம் திரும்பிப் போனது. கல்பாவில் ஒரு தூறல்கூட இல்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு சதீஷ்குமார் கூப்பிட்டான்.

"முகவரி மாத்தியாச்சு சார். இந்த நிமிஷத்துலேருந்து புது வீட்டுக்குத்தான் கவர்."

சாமான் அங்கே, பாலிசி இங்கே! சிவசங்கரன் நீலாவையும் இழுத்துக்கொண்டு பழைய ஃப்ளாட்டுக்கு ஓடினார். ஃப்ளாட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். மேல்வீட்டு வாஷிங் மெஷின் குழாய் கழன்றுவிட்டதாம். சோபா இரண்டும் ஊறிக் கிடந்தன.

"எத்தனை மணிக்கு பாய் தண்ணி வந்துச்சு?"

"ஏழே முக்கால் இருக்கும் சார்."

"ஏழே முக்கால்! நீலா, பாலிசி மாறுறதுக்குக் கால் மணி முன்னால!" சிவசங்கரன் தண்ணீரில் குதித்தார். நீலா தலையில் அடித்துக்கொண்டாள்.

மூச்சு வாங்க நின்றவர் கௌஸ் பாயின் பக்கம் திரும்பினார். "உங்க சோபாவுக்கு பாலிசி?"

"மாஃபி சார். பாலிசியே கிடையாது, ஒண்ணும் எடுக்கல."

சிவசங்கரனின் கை நடுங்கத் தொடங்கியது.