ஓடைக்காரி ஆர்டிஸ்

சூரியகாந்தி விதையைக் கடைவாயில் உடைத்து, தோலைச் சாலையோரப் பள்ளத்துத் தண்ணீரில் துப்பிவிட்டு, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று குனிந்து பார்க்கிறார் ஆர்டிஸ் ஹல்வர்சன். பனி உருகும் ஏப்ரலில் அவருக்கு இதுதான் வேலை. மேசைபோல் தட்டையான எங்கள் கனடாவின் சஸ்காட்செவன் மண்ணில் தண்ணீரின் போக்கைக் கண்ணால் சொல்லிவிட முடியாது.

மிங்க் ஓடையை மற்றவர்கள் ஒரே எட்டில் தாண்டிவிடுவார்கள். ஆர்டிஸ் பேசினால் அது பெருநதி. "ஓடைன்னா வெறும் தண்ணியா? மூணு குட்டை, அத்தனை கோதுமை வயல், சர்ச் கூரையில பாதி, எல்லாம் அதோட சொத்து." கூரையின் வடபாதியில் விழும் மழை ஓடைக்கு வருகிறதாம். ஞாயிறுதோறும் அந்தப் பாதிக்குக் கீழேதான் உட்காருவார்.

அந்தச் சொத்தில் பக்கத்துப் பண்ணை நெஸ்டரின் குட்டை மட்டும் சேராது என்பது அவர் கட்சி. நெஸ்டரோ வாய்க்கால் வெட்டி அதை ஓடையில் வடிக்கப் பார்க்கிறார். வடித்தால் ஆர்டிஸின் கன்றுகள் படுக்கும் தாழ்ந்த மேய்ச்சல் நிலம் மூழ்கும். குட்டைநீர் தானாகவே ஓடைப் பக்கம் சாய்ந்தால் மட்டும் வெட்டலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

சென்ற வாரம் வேலியோரம், குட்டைநீர் வழிந்து நின்ற இடத்தில் சோதனை. தோல் ஓடைக்கு எதிர்ப்பக்கமாக, தெற்கே விரைந்தது.

"பாத்தியா? உன் குட்டைக்கும் என் ஓடைக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"அம்மா தாயே, அது காத்து தள்ளுது. என் தொப்பியே தெக்கதான் பறக்குது!"

"அப்ப காத்துக்குக் குறுக்கப் போய் நில்லுய்யா. பெரோகிக் கொழுக்கட்டை தின்னு வளர்த்த வயிறு இன்னிக்காவது உதவட்டும்."

நெஸ்டர் மேலங்கியை விரித்து மதில்போல் நின்றார். "சீக்கிரம் துப்பும்மா. பூட்ஸுக்குள்ள தண்ணி ஏறுது."

"அசையாத. நீ சிரிச்சா அலை வருது."

ஆர்டிஸ் துப்பினார். தோல் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மெதுவாக வடக்கே, ஓடையை நோக்கிக் கிளம்பியது. இன்னொன்று துப்பினார். அதுவும் அதன் பின்னாலேயே போனது.

"என்னய்யா, வாய மூடிட்டு நிக்கிற?"

"பேசினா அலை வருமே."

ஆர்டிஸ் தாழ்நிலத்துக்கு நடந்தார். நெஸ்டரும் பின்னாலேயே போனார். கன்றுகள் தாய்களை ஒட்டிப் படுத்திருந்தன. அவற்றை ஓட்டிவிட, மேட்டு வயலுக்குப் போகும் முள்கம்பிக் கதவை அவிழ்த்தார். கம்பி சுருண்டு விழாமல் பிடித்துக்கொள்ள, ஒரு முனையை நெஸ்டரிடம் நீட்டினார்.